ஊர் மருத்துவமனையில் குடல் அறுவை சிகிச்சை: பெங்களூரிலிருந்து போனில் முடிவு சொல்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

"மச்சான், பாத்ரூம் போனா வெறும் ரத்தம்தான் வருது. நேத்து ராத்திரி மட்டும் ஏழு தடவை போயிட்டா. இங்க டாக்டர் குடலை எடுக்கணும்னு சொல்றார். பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்தோ அரூரிலிருந்தோ இப்படி ஒரு போன் நீலசந்திராவுக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போனை எடுப்பவர் ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். மருத்துவம் அவருக்குத் தெரியாது. ஆனால் குடும்பத்தில் 'பெங்களூர்ல இருக்கிறவர்' அவர்தான். அவர் வாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் அறுவை மருத்துவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அந்தப் போனின் இரண்டு முனையிலும் நின்றிருக்கிறேன். அப்படி நிற்பவருக்கும், அங்கே கத்தியைக் கையில் எடுக்கப் போகும் என் இளைய சகாக்களுக்கும், வார்டில் இருக்கும் சிஸ்டர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெரிதா சிறிதா என்பதை விட, இன்று எத்தனையாவது நாள் என்பதுதான் இந்த நோயில் உயிரைத் தீர்மானிக்கிறது. சரியான நாளில் சரியான சிறிய அறுவை சிகிச்சையைச் செய்தால், ஊர் மருத்துவமனையிலேயே ஆளைக் காப்பாற்றி அனுப்பலாம்.

முதலில் நோயின் பெயரைக் கேளுங்கள்

குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உண்டு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலோடு நிற்கும், உட்சுவரை மட்டும் புண்ணாக்கும். க்ரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும். இடையிடையே நல்ல குடலை விட்டுவிட்டுத் தாவும், சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். பெருங்குடலை எடுத்தால் முதலாவது பெரும்பாலும் அடங்கிவிடும். க்ரோன்ஸ் அப்படி அடங்காது, வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வரலாம். ஆகவே இரண்டுக்கும் அறுவை சிகிச்சை வேறு வேறு.

நம் ஊரில் இதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் உண்டு. ரத்தம் போவதை முதல் மூன்று மாதம் 'உடம்பு சூடு' என்று சொல்லி வெந்தயமும் மோரும் இளநீரும் கொடுப்பார்கள். அடுத்த மூன்று மாதம் 'மூலம்' என்று களிம்பு பூசுவார்கள். மூலத்தில் மலம் போன பிறகு சிவப்பாகச் சொட்டும், பெரும்பாலும் சளி இருக்காது, தூக்கத்திலிருந்து எழுப்பாது. ரத்தமும் சளியும் கலந்து போகிறது, நடு ராத்திரியில் எழுப்பிவிடுகிறது, எடை குறைகிறது என்றால் அது மூலம் இல்லை என்று எடுத்துக்கொண்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகள்: "அமீபா பார்த்தாச்சா? டி.பி. பார்த்தாச்சா?"

அமீபாவால் வரும் பெருங்குடல் புண் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். அதைத் தெரியாமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடலாம். மலத்தை எடுத்த அரை மணி நேரத்துக்குள், சூடு ஆறுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உயிருள்ள அமீபா தெரியும். காலையில் எடுத்து மேசைமேல் வைத்து மதியம் பார்த்த 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. சந்தேகம் தீராவிட்டால் ஸ்டீராய்டோடு, அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோலையும் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. அடுத்தது காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் டி.பி.யும் க்ரோன்ஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கேமராவில் பார்த்தாலும், சில நேரம் வயிற்றைத் திறந்து கையில் பிடித்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நாளை எண்ணத் தொடங்குங்கள்

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். பகலில் எத்தனை தடவை, ராத்திரி எத்தனை தடவை, எத்தனையில் ரத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், வயிறு உப்பியிருக்கிறதா என்று பக்கத்தில் இருக்கிறவர் எழுதட்டும். இந்தத் தாள் மருத்துவருக்கு ஸ்கேனை விட உதவும்.

நாளுக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது, கூடவே நாடி 90க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் (பாரன்ஹீட்டில் 100), ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 30க்கு மேல் என்பவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கிறது என்றால் அது கடுமையான தாக்குதல். 1955இல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இது. இன்றைக்கும் மாறவில்லை. தாலுகா மருத்துவமனையிலும் இதை அளந்துவிடலாம்.

அன்றைக்கே அட்மிஷன். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நரம்பு வழியாக. இது மலிவான மருந்து, எங்கும் கிடைக்கும். கூடவே வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே. குறுக்குப் பெருங்குடல் 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அபாயம். பொட்டாசியம் குறைந்திருந்தால் ஏற்ற வேண்டும். ரத்தம் தேவைப்பட்டால் ஏற்ற வேண்டும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம். பேதியை நிறுத்த லோபரமைடு மாத்திரை வேண்டாம், அது குடலை மேலும் விரியச் செய்யும். பெருங்குடல் முழுக்கக் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இந்த நேரத்தில் வேண்டாம். மலக்குடலைச் சற்றே எட்டிப் பார்த்து சதைத் துணுக்கு எடுத்தால் போதும். கொடுக்கத் தயங்குவார்கள், ஆனால் கொடுக்க வேண்டியது ஹெப்பாரின். 'ரத்தம்தான் போகிறதே, ரத்தம் உறையாமல் இருக்க ஊசியா' என்று குடும்பம் மிரளும். இந்த நோயில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் இறப்பவர்கள் உண்டு. வெள்ளமாக ரத்தம் கொட்டினால் ஒழிய அந்தச் சிறு ஊசி வேண்டும்.

இப்போது மூன்றாம் நாள். முழு வழிகாட்டியிலும் ஒரு பத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாளும் 8 தடவைக்கு மேல் போகிறது, அல்லது 3 முதல் 8 தடவை போய் சி.ஆர்.பி. (இதுவும் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 45க்கு மேல் இருக்கிறது என்றால், அந்த அட்மிஷனிலேயே பெருங்குடலை எடுக்க வேண்டி வரும் வாய்ப்பு 85 சதவீதம் என்று 1996இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு காட்டியது. பெரிய நகரங்களில் இன்ஃப்ளிக்ஸிமாப், சைக்ளோஸ்போரின் போன்ற இரண்டாம் வரிசை மருந்துகளால் அதில் பலரை இன்று காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த மருந்துக்காக ஆளை நகர்த்துவதானால் மூன்றாம் நாளுக்குள் நகர்த்த வேண்டும். எட்டாம் நாள் 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்பது சிகிச்சை ஆகாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண். நான் பயிற்சியில் இருந்த இடத்தில், ஸ்டீராய்டில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். தினமும் காலையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம், வலி இல்லை என்றாள். பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று நின்றது. குடல் எப்போதோ ஓட்டையாகிவிட்டிருந்தது. ஸ்டீராய்டு அந்த வலியைப் பேச விடவில்லை. அவள் பிழைக்கவில்லை. ஸ்டீராய்டில் இருப்பவரின் மெத்தென்ற வயிற்றை நம்பாதீர்கள், நாடித்துடிப்பை நம்புங்கள். காரணமில்லாமல் 90 என்பது 120 ஆனால் உள்ளே ஏதோ நடந்துவிட்டது.

பெங்களூருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே செய்வதா?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டு மணி நேரம். அத்திப்பள்ளி டோலைத் தாண்டிய பிறகு சில்க் போர்டு வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது இங்கே இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

நாடி 100க்குள், ரத்த அழுத்தம் சரியாக, எக்ஸ்ரேயில் காற்றும் இல்லை, குடல் விரியவும் இல்லை என்றால் கொண்டுவரலாம். குடல் ஓட்டையாகிவிட்டது, 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டது, ஏற்ற ஏற்ற ரத்தம் நிற்கவில்லை என்றால் பயணம் ஆளைக் கொல்லும். அங்கே இந்த மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்: வயிற்றைத் திறக்கத் தெரிந்த அறுவை மருத்துவர், முழு மயக்கம் கொடுக்கும் டாக்டர், ரத்தம் தரும் வங்கி அல்லது சேமிப்பு மையம். மூன்றும் இருந்தால் அங்கேயே. ஒன்று இல்லாவிட்டாலும், மூன்றும் இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கு. அநேகமாக அது கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றாக இருக்கும். மாநில எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியம் அந்த நேரத்தில் இல்லை.

கொண்டுவருவதாக முடிவானால், வண்டி கிளம்பும் முன் இங்கே படுக்கை இருக்கிறதா என்று நீங்கள் நேரில் போய்க் கேட்டு, டாக்டரும் டாக்டரும் போனில் பேச வையுங்கள். கடைசி ஸ்டீராய்டு ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைக் கிளம்பும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் தானாகவே செல்லும் என்று எண்ணி வந்து, வாசலில் நின்று தாலியை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தியேட்டருக்கு முந்தைய மாலை

ரத்தம் தயாராக இருக்க வேண்டும். வயிற்றைத் திறக்கும் முன் செஃப்ட்ரையாக்சோன், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குகள். ஸ்டீராய்டை அன்றைக்கு நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டில் இருந்த உடம்பு அதைத் தானாகச் சுரக்க மறந்திருக்கும், நிறுத்தினால் மேசைமேலேயே ரத்த அழுத்தம் சரியும்.

இதற்குப் பிறகு பத்து நிமிடம் ஆகும் ஒரு வேலை, பலரும் தவறவிடுவது. பெருங்குடலை எடுத்த பிறகு மலம் வெளியே வருவதற்காகச் சிறுகுடலை வயிற்றில் திறந்து வைக்கப் போகும் இடத்தை முன்கூட்டியே குறிப்பது. நோயாளியைப் படுக்க வைத்து, உட்கார வைத்து, நிற்க வைத்து, தொப்புளுக்கு வலப்புறம் கீழே, தசை மேட்டின் மேல், மடிப்பு விழாத இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம். புடவைக் கொசுவம் சொருகும் இடம், லுங்கி முடிச்சு விழும் இடம், பாவாடை நாடா இறுகும் இடம் எதுவும் அந்த வட்டத்தின்மேல் வரக் கூடாது. ஒரு பெண்மணிக்குப் புடவையைக் கட்டிக் காட்டச் சொன்னேன். நான் மனதில் நினைத்திருந்த இடத்தில்தான் நாடா அழுந்தியது, மூன்று விரல் மேலே ஏற்றினேன். அந்த மூன்று விரல்தான் பிறகு வருடக்கணக்கில் பை ஒட்டுமா ஒழுகுமா என்பதை முடிவு செய்கிறது.

குடும்பத்திடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, கண் விழித்தவர் வயிற்றில் பையைப் பார்த்து அலறும்படி விடக் கூடாது. "பெருங்குடலை எடுக்கிறோம். மலம் கொஞ்ச காலம் வயிற்றில் ஒட்டும் பையில் வரும். உயிர் தங்கிய பிறகு, விரும்பினால், உள்ளேயே சேர்க்க வழி இருக்கிறது." இவ்வளவுதான். இதைக் கேட்டால் யாரும் புரிந்துகொள்வார்கள்.

அறுவை: எதைச் செய்வது, எதைத் தொடக் கூடாது

அல்சரேட்டிவ் கொலைடிஸ் அவசரத்தில் சிறிய மருத்துவமனைக்கு ஏற்ற அறுவை ஒன்றே: பெருங்குடலை எடுப்பது, மலக்குடலை அப்படியே விட்டுவைப்பது, சிறுகுடல் முனையை வயிற்றில் திறந்து வைப்பது. இணைப்பு போடக் கூடாது. ஸ்டீராய்டிலும் ரத்தசோகையிலும் இருக்கும் உடம்பில் தையல் ஒட்டாது, கசியும். இடுப்புக் குழிக்குள் இறங்கி மலக்குடலையும் இன்றே எடுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும், இறங்காதீர்கள். ரத்தம் கொட்டும் இடம் அது, சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்குமான நரம்புகள் ஓடும் இடம். பின்னால் வருகிறவருக்கு அந்த இடத்தைக் கன்னி நிலமாக விட்டுவைக்க வேண்டும்.

இளைய சகாக்களுக்கு: நடுக்கோட்டில் தாராளமாகத் திறங்கள். உள்ளே பெருங்குடல் நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும். இடுக்கியால் பிடித்தால் கையோடு வரும், உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். வயிற்றுக் கொழுப்புத் திரை எங்காவது குடலோடு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். அதன் அடியில் ஓட்டை அடைபட்டிருக்கலாம், திரையோடு சேர்த்தே எடுங்கள். ரத்தக் குழாய்களைக் குடல் சுவரை ஒட்டிக் கட்டுங்கள். இது புற்றுநோய் இல்லை, வேர் வரை போகத் தேவையில்லை. சிறுகுடலை பெருங்குடலோடு சேரும் இடத்துக்கு மிக அருகில் வெட்டுங்கள், அங்கே வரும் ரத்தக் குழாயைக் காப்பாற்றுங்கள். பிற்பாடு சிறுகுடலிலேயே உள்பை செய்ய அது வேண்டும்.

கீழ்முனையை நீளமாக விடுங்கள். தைத்து மூடினால் அந்த முனையை வயிற்றுக் காயத்தின் கீழ்க்கோடியில், தோலுக்கு அடியில் கொண்டுவந்து வையுங்கள். தையல் விட்டுப்போனாலும் வெளியே கசியும், உள்ளே சீழ் கட்டாது. சுவர் மிக மோசமாக இருந்தால் அதையும் தோலில் திறந்தே வைத்துவிடலாம். ஆசனவாய் வழியாக ஒரு ரப்பர் குழாயைச் சில நாள் விட்டுவைப்பது ரத்தமும் சளியும் தேங்காமல் பார்த்துக்கொள்ளும்.

மேல்முனையை நீங்கள் குறித்த வட்டத்தின் வழியாக எடுத்து, சட்டைக் கையை மடிப்பது போல வெளிப்புறம் மடித்துத் தைத்து, தோலிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். 1952இல் ப்ரையன் ப்ரூக் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் சொன்ன மடிப்பு அது. அதற்கு முன்னால் குடலைத் தோல் மட்டத்தில் விட்டார்கள். வெளிப்புறம் வீங்கி அடைத்துக்கொண்டது, சிறுகுடல் நீர் தோலை அரித்தது, நோயாளிகள் வாரக்கணக்கில் தவித்தார்கள். ஒரு எளிய மடிப்பு அந்தத் துன்பத்தை நிறுத்தியது. நேரம் ஆகிவிட்டது என்று இந்த மடிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

க்ரோன்ஸ் என்றால் குறைவாக வெட்டுங்கள்

க்ரோன்ஸில் ஒவ்வொரு அங்குலக் குடலும் சொத்து. அடைப்பாகவோ ஓட்டையாகவோ இருக்கும் பகுதியை மட்டும், பார்வைக்கு நல்லதாக இருக்கும் குடலில் 2 சென்டிமீட்டர் சேர்த்து எடுத்தால் போதும். ஆள் மெலிந்து, ஸ்டீராய்டில், சீழோடு இருந்தால் இணைக்காமல் இரு முனைகளையும் வெளியே கொண்டுவருவதே பாதுகாப்பு. சீழ்க் கட்டி என்றால் முதலில் ஸ்கேன் பார்த்துக் குழாய் விட்டு வடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, ஆளைத் தேற்றிப் பிறகு யோசிக்கலாம். ஆசனவாய்ப் பக்கம் பௌத்திரம் இருந்தால் சீழை வடித்து, தளர்வாக ஒரு நூலைப் போட்டு விட வேண்டும். தசையை வெட்டித் திறந்தால் மலத்தை அடக்கும் சக்தி போய்விடும்.

சுருக்கம் சிறியதாக இருந்தால் குடலை எடுக்காமலே நீளவாக்கில் கீறி அகலவாக்கில் தைத்து வழியைப் பெரிதாக்கலாம். க்ரோன்ஸுக்கு இன்று உலகம் முழுக்கச் செய்யும் இந்த முறை இந்தியாவிலிருந்து போனது. காசநோயால் வந்த சிறுகுடல் சுருக்கங்களுக்கு இதைச் செய்து கட்டாரியாவும் உடன் பணியாற்றியவர்களும் 1977இல் எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் ஆக்ஸ்போர்டில் க்ரோன்ஸுக்குக் கையாளத் தொடங்கினார்கள். நம் ஊர் நோயிலிருந்து, வசதி குறைந்த நம் தியேட்டர்களிலிருந்து பிறந்த வழி என்பதைச் சிறிய மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்த சதையை இரண்டு பாட்டிலில் போடுங்கள். ஒன்றில் ஃபார்மலின், பயாப்ஸிக்கு. இன்னொன்றில் வெறும் உப்புநீர், டி.பி. பரிசோதனைக்கு. ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. டி.பி.க்கான மூலக்கூறு பரிசோதனை அரசுத் திட்டத்தில் இலவசம். இரண்டாவது பாட்டிலைக் கேட்டு வாங்குவது குடும்பத்தின் வேலையாகவும் இருக்கட்டும். டி.பி. என்று தெரிந்தால் மாத்திரையால் குணமாகும் நோய்க்குத் தேவையில்லாமல் ஸ்டீராய்டு சாப்பிடுவது தப்பும்.

முதல் பத்து நாள்

மறுநாளே எழுந்து உட்காரட்டும், நடக்கட்டும். ஹெப்பாரின் தொடரட்டும். குடல் முனை செம்பருத்திப் பூ நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் பச்சையாக நீர் வரத் தொடங்கும், அது நல்ல செய்தி. ஐந்தாம் நாளுக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி, ஆசனவாய் வழியாக நாற்றமடிக்கும் கசிவு என்றால் உள்ளே விட்ட முனை விட்டுப்போயிருக்கலாம். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பை, தண்ணீர், உப்பு

அறுவை நன்றாக முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப அட்மிஷன் ஆவதற்கு முதல் காரணம் உடம்பில் நீர் வற்றுவதுதான். சிறுகுடல் விட்டுவைத்த நீரையும் உப்பையும் உறிஞ்சும் இடம் பெருங்குடல்தான். அது இல்லை. நாளுக்கு 500 முதல் 800 மில்லி வருவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அபாயம். பழைய தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு அளந்து எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஊரில் எல்லோரும் செய்யும் தவறு: "நீர் வத்திப்போச்சு, நிறையத் தண்ணி குடி." வெறும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அது உடம்பிலிருந்து உப்பையும் இழுத்துக்கொண்டு பையில் இறங்கும். இளநீரிலும் சோடியம் குறைவு. உப்பும் குளுகோஸும் சேர்ந்தால்தான் சிறுகுடல் நீரை உள்ளே வாங்கும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குளுகோஸ் பவுடர் 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், ஆப்பச் சோடா 2.5 கிராம். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஒரு லிட்டர். மற்றத் தண்ணீர், டீ எல்லாம் சேர்ந்து இன்னொரு லிட்டருக்குள். மூன்றரை கிராமை எப்படி அளப்பது என்பீர்கள். ஊரில் நகைப் பட்டறை இருக்கும், அந்தத் தராசில் ஒருமுறை நிறுத்து, வீட்டு ஸ்பூனில் அது எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படி நிறுத்து, ஸ்பூன் உள்ளே நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் மகன் ஒருமுறைகூடத் திரும்ப அட்மிஷன் ஆகவில்லை. சிறுநீரகக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

தாக்குதலின்போது விஷம் என்று சொன்ன அதே லோபரமைடு இப்போது மருந்து. பெருங்குடல் எடுத்தாயிற்று, விரிவதற்கு ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்.

முதல் இரண்டு மாதம் முருங்கைக்காய், வாழைத்தண்டு, பனங்கிழங்கு, முழு நிலக்கடலை, சோளம், தேங்காய்ச் சில்லு வேண்டாம். குடல் முனையில் சிக்கி அடைக்கும். இட்லி, குழைந்த சாதம், உப்புப் போட்ட கஞ்சி, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி, வாழைப்பழம் நல்லது. கடைசி மூன்றும் பையில் வருவதைக் கெட்டியாக்கும்.

பை ஒட்டும் தகட்டைக் குடல் முனையை விட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். முதல் ஆறு எட்டு வாரம் வீக்கம் வடிந்து முனை சிறுத்துக்கொண்டே போகும், வாரம் ஒருமுறை அளந்து வெட்ட வேண்டும். பழைய அளவிலேயே வெட்டினால் இடைவெளியில் நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள், நிரம்ப விட்டால் கனத்தில் பிரியும். கிராமத்து மருந்துக் கடையில் பை கிடைக்காது. பெங்களூரில் இருக்கிற உங்களுக்கு இதுதான் நிரந்தர வேலை: சர்ஜிக்கல் கடையில் அதே கம்பெனி, அதே அளவு பார்த்து வாங்கி மாதம் ஒரு பார்சல். தீர்ந்த பிறகு வாங்காதீர்கள், பத்து இருக்கும்போதே அனுப்புங்கள்.

கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்.

அடுத்த கட்டத்துக்குப் பெங்களூர்

சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து உள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவையை லண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் எழுதினார்கள். இதை ஊர் மருத்துவமனையில் செய்யக் கூடாது. அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். செயின்ட் ஜான்ஸ், விக்டோரியா வளாகத்தில் இருக்கும் அரசு இரைப்பை குடல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் விசாரிக்கலாம். ஸ்டீராய்டு முழுவதும் நிறுத்தி, எடை திரும்பி, ரத்தம் ஏறி, குறைந்தது மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் செய்ய வேண்டும், ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பயாப்ஸியில் க்ரோன்ஸ் என்று இருந்தால் பொதுவாக இந்தப் பை செய்ய மாட்டார்கள். செய்த பிறகும் நாளுக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும், உள்பையில் அழற்சி பாதிப் பேருக்கு வரை ஒருமுறையாவது வரும். இளம்பெண்களுக்கு இடுப்புக் குழிக்குள் செய்யும் இந்த அறுவை கருத்தரிப்பதைக் குறைக்கும் என்பதால், பிள்ளை பெற்ற பிறகு செய்துகொள்ளலாமா என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். மாமியார் முன்னால் இதைப் பேச மாட்டார்கள், தனியாகப் பேசுங்கள். வெளியே பையோடே இருந்துவிடுகிறேன் என்பவரையும் வற்புறுத்தாதீர்கள். ஆனால் விட்டுவைத்த மலக்குடலை வருடாவருடம் கேமராவில் பார்க்க வேண்டும், அதில் புற்றுநோய் வரலாம்.

இங்கே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்கி, மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலக்குடல் முனையை எங்கே விட்டார்கள், மூடினார்களா திறந்தார்களா, சிறுகுடல் எவ்வளவு மிச்சம் என்று அதில்தான் இருக்கும். சென்ற வருடம் ஊரிலிருந்து வந்த ஒரு பையனின் நோட்ஸில் கையால் ஒரு படம் வரைந்து, 'முனையில் நீல ப்ரோலீன் நூல் நீளமாக விட்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து நாங்கள் வயிற்றைத் திறந்தபோது, ஒட்டிக் கிடந்த குடல்களுக்கு நடுவில், படத்தில் காட்டிய அதே இடத்தில், அந்த நீல நூல் இருந்தது.